எந்தச் சபை முதல் என்று என்னைக் கேட்டவர்களுக்கு

1

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது ஐந்து, வளர்த்தது எட்டு. கூடுதலாக வந்த மூன்று பேரில் இருவர் என் கொழுந்தனாரின் பிள்ளைகள். காலராவில் ஒரே வாரத்தில் தாயும் தகப்பனும் போன பிறகு, மூத்தவன் ஞானமுத்து நாலு வயதிலும் அவன் தங்கை கைக்குழந்தையாகவும் என்னிடம் வந்தார்கள். எட்டாவது ரூத்து, என் மகள் எஸ்தரின் பெண். எஸ்தர் நர்சு வேலைக்கு ஜெர்மனிக்கு வந்தபோது ஒரு வயதுப் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு வந்தாள். ரூத்து மூன்றாம் வகுப்பு முடித்த கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு நானும் இங்கே வந்தேன். வந்து ஆறு வருஷம் ஆகிறது.

எனக்கு என் பெயரை எழுதத் தெரியும். செபப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் படிப்பு இல்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல ரூத்து எழுதுகிறாள். பிழை இருந்தால் பத்திரிகைக்காரர் திருத்திக்கொள்ளலாம். சொன்ன விஷயத்தை யாரும் திருத்த வேண்டாம்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே எங்கள் ஊர். பெயரைப் போடவில்லை. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்குத் தெரியும். இந்தப் பத்திரிகை எங்கள் ஊரில் ஆர்.சி. கோயிலுக்கும் போகிறது, மிஷன் கோயிலுக்கும் போகிறது என்று எஸ்தர் சொன்னாள். அதனால்தான் இதற்கு எழுதுகிறேன். கடிதமாக எழுதினால் ஒரு கமிட்டி மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொள்ளும்.

2

போன மாதம் ஞானமுத்திடமிருந்து நீலக் கடிதம் வந்தது. நான் அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ரூத்து எதிரில் உட்கார்ந்து வாசித்தாள். மழை இல்லை, கடலை காய்ந்துபோயிற்று, தங்கச்சி மகளுக்குப் பிரசவம் என்று நல்லபடியாகத்தான் போயிற்று. பிறகு அவள் குரல் மெல்லியதாகிவிட்டது.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல அம்மாயி. ஏதோ கமிட்டி விசயம்."

"வாசி."

விஷயம் இதுதான். ஞானமுத்து இப்போது மிஷன் கோயில் கமிட்டிக்குச் செக்ரட்டரி. மிஷன் கல்லறைத் தோட்டத்தில் இடம் நெருக்கடியாகிவிட்டதாம். இனிமேல் சபைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்தான் குழி என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். பெரியம்மா கத்தோலிக்க மதத்தில் இருக்கிறபடியாலும், வெளிநாட்டிலும் பூசைக்கே போகிறதாகத் தெரிகிறபடியாலும், பெரியப்பா பக்கத்தில் அவர்களுக்காக விட்டு வைத்த இடத்தை இனி வைத்திருக்க முடியாது. ஆனாலும் பெரியம்மா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கமிட்டி யோசிக்கும். அந்தக் காகிதத்தில் எழுத வேண்டியதையும் அவனே எழுதியிருந்தான். அப்போஸ்தலர் காலத்தில் இருந்த ஆதிச் சபையின் விசுவாசமே என் விசுவாசம், ரோமச் சபை பின்னால் மனிதரால் உண்டானது என்று ஒப்புக்கொள்கிறேன். கீழே சவரியம்மாள் என்று நான் போட வேண்டுமாம்.

கடைசியில் இன்னொரு வரி. ஆர்.சி. உபதேசியாரையும் கலந்து பேசினோம், மிஷன் பக்கம் புதைத்தால் சாமியார் செபம் சொல்லிக் குழியை மந்திரிக்க வரமாட்டார் என்று அவரும் சொல்லிவிட்டார், இந்த ஒரு விஷயத்தில் இரண்டு தரப்பும் ஒரே கருத்து.

என் புருஷன் சாமுவேல் கொத்தனார் செத்து ஏழு வருஷம் ஆகிறது. அவர் குழிக்கு இடது பக்கம் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டு, தலைமாட்டில் ஒரு கல்லும் கால்மாட்டில் ஒரு கல்லும் நட்டுவிட்டுத்தான் நான் இந்த ஊருக்கு வந்தேன். அந்த இரண்டு கல்லையும் பிடுங்கப் போகிறார்கள்.

கிறிஸ்துநாதரின் சபை எந்த வருஷம் யாரால் ஆரம்பித்தது என்று தெரிந்தால்தான் நான் என் புருஷன் பக்கத்தில் படுக்கலாம். நாற்பத்து நாலு வருஷம் அவரோடு படுத்து எழுந்தபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அவரைக்காயை நறுக்கி முடித்தேன். அன்றைக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை.

3

இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே இந்தக் கேள்வி என்னிடம் வந்தது. யார் வந்து குடியேறினாலும் டவுன் ஆபீசில் பதிய வேண்டும். பெயர், பிறந்த நாள், புருஷன் பெயர் என்று கேட்டுக்கொண்டே மிஷினில் தட்டினார் ஆபீசர். எனக்குப் பிறந்த நாள் தெரியாது. ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் பக்கத்து ஊரில் பிறந்தேன், சவேரியார் திருநாளை ஒட்டிப் பிறந்தேன், அதனால் இந்தப் பெயர். எஸ்தர் ஏதோ ஒரு தேதியைச் சொன்னாள். அது இப்போது என் பிறந்த நாள். வருஷா வருஷம் கேக் வாங்கி வருகிறார்கள்.

அடுத்து மதம். எஸ்தர் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, ஒன்ன என்னன்னு எழுதச் சொல்ல?"

"கிறிஸ்தவச்சின்னு சொல்லு."

"அப்படி ஒரு கட்டம் இல்லம்மா. காத்தோலிஷ் ஒரு கட்டம், எவாங்கெலிஷ் ஒரு கட்டம். ஆர்.சி.யா மிஷனான்னு கேக்குறாரு."

சன்னலுக்கு வெளியே கோயில் தெரிந்தது. கூம்பு வைத்த ஒற்றைக் கோபுரம். நான் கையை நீட்டி, "அந்தக் கோயில்" என்றேன். எந்தக் கோயில் என்று காட்டினால் எங்கள் ஊரில் ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஆபீசர் எட்டிப் பார்த்தார். சிரித்துவிட்டார். பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னார், அவளும் சிரித்தாள். எனக்கு முகம் சிவந்துபோயிற்று.

"எதுக்குச் சிரிக்கிறான்?"

"அம்மா, அந்தக் கோயில் ரெண்டு பேருக்கும் பொதுவாம். காலையில ஒம்பது மணிக்குப் பூசை. பத்தரைக்கு ஆராதனை. ஒரே கட்டடம், ஒரே மணி. அதக் காட்டுனா பதில் வராதாம்."

நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து பார்த்தேன். பூசை முடிந்து சனங்கள் ஒரு கதவால் வெளியே போனார்கள். கோயில் வேலைக்கார அம்மாள் இரண்டு மெழுகுவர்த்தியை அணைத்தாள், ஒரு புத்தகக் கட்டை எடுத்தாள், இன்னொரு கட்டை வைத்தாள். மற்ற சனங்கள் உள்ளே வந்து, இவர்கள் உட்கார்ந்து சூடு ஆறாத அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான்.

ஆபீஸ் காகிதத்தில் என்னைக் கத்தோலிக்கம் என்று எஸ்தர் போடச் சொன்னாள். அவளும் மாப்பிள்ளையும் ரூத்தும் மற்றக் கட்டம். ஒரு வீட்டுக்குள் இரண்டு கட்டம். அது எங்களுக்குப் பழகினதுதான்.

4

எங்கள் ஊர்ச் சபைகள் எப்படி ஆரம்பித்தன என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன்.

தாது வருஷப் பஞ்சத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் ஆர்.சி. சாமியார் கஞ்சி ஊற்றிய பக்கம் போனார். தம்பி மிஷன் துரை வேலை கொடுத்த பக்கம் போனார். அண்ணன் வாரிசு ஆர்.சி. தெரு, தம்பி வாரிசு மிஷன் தெரு. இரண்டு தெருவும் ஒரே பண்ணையில் கூலிக்கு அறுத்தவர்கள்தான். ஒரே கிணற்றிலிருந்து, தண்ணீர் எடுக்கக் கூடாது என்று விரட்டப்பட்டவர்கள்தான். விரட்டியவன் நீ ரோமச் சபையா அப்போஸ்தலர் சபையா என்று கேட்டு விரட்டவில்லை.

இரண்டு தெருவுக்கும் முதலில் ஒரே கல்லறைத் தோட்டம்தான். சுவர் கிடையாது. எமர்ஜென்சிக்கு மூன்று வருஷம் முன்னால் என் புருஷனின் சின்னம்மா குழந்தையம்மாள் செத்துப்போனாள். அவள் பிறந்தது ஆர்.சி., மகன் மிஷன். பாடையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால், கிழக்கே புதைப்பதா மேற்கே புதைப்பதா என்று தகராறு. பாடையை வெயிலில் இறக்கி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். ஆர்.சி. உபதேசியார் அந்தோணிமுத்து ஒரு பக்கம், மிஷன் மூப்பர் தேவதாஸ் ஒரு பக்கம்.

"இது எங்க நெலம்" என்றார் உபதேசியார். "நாங்கதான் மொதல்ல வந்தவங்க. ஊருக்கும் மொதல்ல, ஒலகத்துக்கும் மொதல்ல. மோட்சத்துச் சாவிய யாரு கையில குடுத்தாரு சேசுநாதரு? இராயப்பர் கையில. அவரு உக்காந்த நாற்காலியில இன்னிக்கு வரைக்கும் ஆள் மாறி ஆள் உக்காந்துக்கிட்டுதான் இருக்காங்க. உங்க சபை எப்ப வந்துச்சு? நானூறு வருசத்துக்கு முந்தி ஒரு ஆளு கோவிச்சுக்கிட்டு வெளிய போயிக் கொட்டாய் போட்டான். அந்தக் கொட்டாய்தான் உங்களுது."

"கொட்டாய் போடல, ஒட்டடை அடிச்சாங்க" என்றார் மூப்பர். "வூட்டுல ஒட்டடை அடிக்கிறவன் புது வூடா கட்டுறான்? வூடு பழைய வூடுதான், அப்போஸ்தலர் கட்டுனது. அப்ப நாற்காலி எங்க இருந்துச்சு? வூட்டுக்கு வூடு கூடி அப்பம் பிட்டாங்க, அவ்வளவுதான். ரோம ராசா வேதத்துல சேந்ததுக்கப்புறம்தான் உங்க நாற்காலி வந்துச்சு. பேதுருவுக்கு மாமியா இருந்தா, காய்ச்சல்ல கெடந்தா, வேதத்துல எழுதியிருக்கு. மாமியா வச்சிருந்தவரு கல்யாணமே கட்டாத உங்க சாமியாருக்கு எப்படிய்யா முப்பாட்டனாவாரு?"

கூட்டத்தில் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். உபதேசியாருக்கு முகம் கடுகடுத்தது. கன்னத்தில் அறை விழுந்திருக்கும். அதற்குள் கிராம முன்சீப்பு வந்துவிட்டார். அவர் சிறுவாச்சூர் காளி கோயிலுக்கு வாரம் தவறாமல் போகிறவர். இரண்டு பேரையும் நின்று கேட்டார்.

"ஏங்க, அந்த இராயப்பரும் இந்தப் பேதுருவும் பங்காளிங்களா?"

என் புருஷன்தான் சொன்னார். "ஒரே ஆளுதாங்க. ஆர்.சி.ல அப்படிச் சொல்லுவாங்க, மிஷன்ல இப்படிச் சொல்லுவாங்க."

"ஒரே ஆளுக்கா பொணத்த வெயில்ல போட்டுட்டு நிக்கிறீங்க?"

என் புருஷன் அவ்வளவு நேரமும் குழிக்குள் நின்றிருந்தார். தகராறு வரும் முன்னே அவர்தான் வெட்ட ஆரம்பித்திருந்தார். குனிந்து மண்ணிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். எங்கள் பக்கம் மண்ணை வெட்டினால் கல்லுக்குள் கல்லாகச் சிப்பி இருக்கும். உள்ளங்கை அளவு, வரி வரியாக. அதைத் துடைத்து மேலே வைத்தார்.

"கடல் சிப்பி. சிமெண்டு பேக்டரி இஞ்சினீயரு சொன்னாரு, ஒரு காலத்துல கடலு இங்க இருந்துச்சாம். அப்படிப் பாத்தா எல்லாருக்கும் மொதல்ல வந்தது இதுதான். இதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எங்க சின்னம்மாவ எறக்கிடலாங்களா?"

சிரித்தார்கள். சின்னம்மாவை இறக்கினார்கள். ஆனால் சிரித்ததோடு போகவில்லை. அடுத்த மாதமே இரண்டு கமிட்டியும் கூடி, இனிமேல் சண்டை வராமல் இருக்க நடுவில் சுவர் வைத்துவிடுவது என்று முடிவு செய்தன. ஊரில் ஒரே கொத்தனார் குடும்பம் எங்களுடையது. வேலை என் புருஷனுக்கே வந்தது.

5

எனக்குக் கல்யாணம் மிஷன் கோயிலில் நடந்தது. பெண்ணை அங்கே கட்டிக் கொடுத்தால் நன்மை கிடையாது என்று அப்போதிருந்த சாமியார் என் அப்பாவிடம் சொல்லிவிட்டார். நன்மை என்றால் பூசையில் நாவில் வைக்கிற அப்பம். மாப்பிள்ளை குடிக்காதவர், கை வேலைக்காரர், அப்பா கொடுத்துவிட்டார். என் புருஷன் என்னை மாறச் சொல்லவே இல்லை.

"நீ ஒங்க கோயிலுக்குப் போ, நான் எங்க கோயிலுக்குப் போறேன். திரும்பி வர்றப்ப சேந்து வருவோம்" என்றார்.

அப்படியே செய்தோம். ஆர்.சி. கோயிலில் நான் கதவோரம் நிற்பேன். எல்லாரும் நன்மை வாங்க வரிசையில் போவார்கள். நான் போக முடியாது. நாற்பத்து நாலு வருஷம் அந்தக் கதவோரத்தில் நின்றிருக்கிறேன். பிள்ளைகளுக்கு எல்லாம் மிஷன் கோயிலில் ஞானஸ்நானம். பிள்ளைகளின் விளையாட்டில்கூட என்னைப் பதிதர் பெண்டாட்டி, வேதம் தவறினவன் பெண்டாட்டி என்று ஆர்.சி. தெருவில் சொல்வார்கள். மிஷன் தெருவில் நான் சிலை கும்பிடுகிறவள். இரண்டு தெருவுக்கும் பிரசவம் பார்த்தவளும் நான்தான். அப்போது யாரும் கதவோரம் நிற்கச் சொல்லவில்லை.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அவர் மஞ்சள் காமாலையில் போனார். மிஷன் கோயில் ஐயர் வந்து அடக்கம் செய்தார். சுவர் ஓரமாகத்தான் வேண்டும் என்று அவரே சொல்லி வைத்திருந்தார். மூன்று மாதம் கழித்து ஆர்.சி. கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த இளம் சாமியார் கதவோரம் நின்ற என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். எல்லாம் சொன்னேன்.

"இப்ப அந்தச் சட்டமெல்லாம் முன்ன மாதிரி இல்லம்மா. நீங்க பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு நன்மை வாங்கிக்கலாம்."

"என்ன பாவம்னு சொல்லணும் சாமி?"

அவர் தலை குனிந்துகொண்டார். நல்ல மனுஷன். ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. சட்டம் மாறுகிற சட்டம் என்றால் என்னை ஏன் நாற்பத்து நாலு வருஷம் நிற்க வைத்தார்கள்? அன்றைக்கு வாங்கினேன். என் புருஷன் உயிரோடு இருந்து கோயில் வாசலில் காத்திருந்தால் சொல்லியிருப்பேன். வாசலில் யாரும் இல்லை.

என் மூன்றாவது மகன் திருச்சியில் கைதட்டிப் பாடும் புதுச் சபையில் சேர்ந்துவிட்டான். அவன் சொல்கிறான், ஆர்.சி.யும் சபை இல்லையாம், மிஷனும் சபை இல்லையாம். ஆதிச் சபை இப்போதுதான் திரும்ப ஆரம்பித்திருக்கிறதாம், அவர்கள் தெருவில், ஒரு மாடியில்.

6

இங்கே பதினாலு வயதானால் மத விஷயத்தில் பிள்ளைகளே முடிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம். பள்ளிக்கூடத்தில் ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார்கள். கத்தோலிக்க வகுப்பா, மற்ற வகுப்பா, இரண்டும் வேண்டாமா என்று. ரூத்து மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டுவிட்டாள். எஸ்தர் அழுதாள். மாப்பிள்ளை கதவை அடித்துச் சாத்தினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஏண்டி இப்படிச் செஞ்ச?"

"நீங்க ரெண்டு கோயில் முறையிலயும் செபம் பண்ணச் சொல்லிக் குடுத்தீங்க. நான் பண்ணுனேன். அன்னைக்கு அந்த லெட்டர நான்தான் வாசிச்சேன். தாத்தா பக்கத்துல ஒங்கள வைக்க மாட்டேங்கிறாங்க. அந்த ஆளுங்க எந்தக் கட்டத்துல இருக்காங்களோ அதுல நான் இருக்க மாட்டேன். ரெண்டு கட்டத்துலயும் அவங்கதான் இருக்காங்க."

இதை எழுத மாட்டேன் என்று இப்போது பேனாவைக் கீழே வைத்தாள். எழுதச் சொல்லிவிட்டேன்.

கமிட்டிக்காரர்களே, நீங்கள் ஆதிச் சபை எது என்று தீர்மானம் போட்டுக்கொண்டிருங்கள். என் பேத்தி உங்கள் இரண்டு சபையையும் விட்டு எழுந்து போய்விட்டாள். அவளைப் பேயோ பணமோ இழுக்கவில்லை. உங்கள் கடிதத்தை வாசித்தாள், அவ்வளவுதான்.

7

போன செவ்வாய்க்கிழமை என் புருஷனின் நினைவு நாள். ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு இங்கே உள்ள கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். எனக்கு அங்கே யாரும் இல்லை. எல்ஸ அம்மாள் இருக்கிறாள். மேலே நான் சொன்ன கோயில் வேலைக்காரி அவள்தான், என் வயதுதான்.

அவளோடு பழக்கமானதே ஒரு தப்பினால்தான். வந்த புதிதில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'ஷோன்'. அழகு என்று அர்த்தம். சட்டைக்கும் சொல்வேன், ரொட்டிக்கும் சொல்வேன். ஒரு நாள் இந்தத் தோட்டத்தில் அவள் தன் புருஷன் குழிமேல் பூச்செடி நட்டுக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போய் 'ஷோன்' என்றுவிட்டேன். புருஷனைப் புதைத்த இடத்தில் நின்று அழகு என்று சொன்னால் எங்கள் ஊரில் என்ன நடக்கும்? அவள் அழுதாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதிலிருந்து விடவில்லை.

அந்தக் கல்லில் அவள் புருஷன் பெயர் இருக்கிறது. கீழே அவள் பெயரும் இருக்கிறது. பிறந்த வருஷம் வெட்டி, செத்த வருஷத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். தன் பெயர் வெட்டிய கல்லுக்குக் கீழே தானே தண்ணீர் ஊற்றுகிறாள். அவன் கத்தோலிக்கன், இவள் மற்றக் கட்டம்.

இங்கேயும் குறை இல்லாமல் இல்லை. குழி இருபத்தைந்து வருஷத்துக்குத்தான். அப்புறம் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டு வேறு ஆளை வைப்பார்கள். செத்த பிறகும் ஆபீசுக்குப் போய் முத்திரை வாங்க வேண்டிய தேசம். ஆனால் அந்த இருபத்தைந்து வருஷமும் அவள் தன் புருஷனோடு இருப்பாள்.

ஞானமுத்து கடிதத்தை ரூத்து அவளுக்குச் சொன்னாள். எல்ஸ நீர்க்குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னவோ சொன்னாள்.

"நாங்க எல்லாம் இங்க அன்பா இருந்து கோயில பங்கு போட்டுக்கிட்டோம்னு நெனைக்க வேணாங்கிறாங்க, அம்மாயி. ரெண்டு பக்கமும் ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்கிட்டாங்களாம். கோயில யாரும் விட்டுக் குடுக்கல. ராசா நேரம் பிரிச்சு வுட்டாராம். அப்புறம் சண்டை போட்டுப் போட்டு அலுத்துப்போச்சாம்."

"சரி."

"இன்னொண்ணு கேக்குறாங்க. இது எங்க ஊரு சண்டையாச்சே, ஒங்க ஊருக்கு எப்படிப் போச்சுன்னு."

"கப்பல்ல குடுத்து அனுப்புனது நீங்கதான்னு சொல்லு. வேதத்தோட சேத்து ஒரே பொட்டியில வச்சு அனுப்புனீங்கன்னு சொல்லு. அலுத்துப்போனதச் சொல்லி அனுப்ப மறந்துட்டீங்கன்னும் சொல்லு."

ரூத்து முழுதும் சொன்னாளா என்று தெரியாது. எல்ஸ தன் செடியிலிருந்து பூ ஒன்றை ஒடித்து என் கையில் கொடுத்தாள்.

8

ஞானமுத்து, இனி உனக்குத்தான் சொல்கிறேன். ஊரும் கேட்கட்டும்.

நீ கேட்ட கையெழுத்தை நான் போட மாட்டேன். உபதேசியார் வேறு காகிதம் எழுதி அனுப்பினால் அதிலும் போட மாட்டேன். சபை எந்த நாளில் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. ஆவியானவர் இறங்கின அன்றைக்கு மேல்வீட்டு அறையில் பெண்களும் இருந்தார்கள் என்று உன் பெரியப்பா வாசித்துக் காட்டியிருக்கிறார். சேசுநாதரின் கல்லறை காலியாக இருந்ததை முதலில் பார்த்ததும் பெண்கள்தான். எது முதல் என்று அவர்களை யாராவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் பதிலைச் சொல்லிவிட்டுச் சோறாக்கப் போயிருப்பார்கள். இத்தனை வருஷம் சண்டை நடந்திருக்காது.

எனக்கு இங்கே தங்குகிற முத்திரை மே மாதத்தோடு முடிகிறது. வெளிநாட்டார் ஆபீசுக்கு வருஷா வருஷம் போய், வரிசையில் நின்று, உயிரோடு இருக்கிறேன் என்று முகத்தைக் காட்டி வாங்குகிற முத்திரை. இந்த வருஷம் போக வேண்டாம் என்று எஸ்தரிடம் சொல்லிவிட்டேன். அவள் சம்மதிக்கவில்லை. ஆஸ்பத்திரி, மருந்து, குளிர் என்று எல்லாம் சொல்லிப் பார்த்தாள். பெட்டியில் வந்து இறங்க எனக்கு இஷ்டமில்லை, காலால் நடந்து வருகிறேன். பெரம்பலூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நீ வந்து நிற்க வேண்டும். வளர்த்தவள் என்ற முறையில் கேட்கிறேன். செக்ரட்டரியைக் கேட்கவில்லை.

என் நாள் வரும்போது மிஷன் பக்கம் எனக்கு இடம் வேண்டாம். அந்த இரண்டு கல்லையும் பிடுங்கிக்கொள்ளுங்கள். என்னை ஆர்.சி. பக்கம் வையுங்கள். அது அவர்கள் நிலம், சாமியார் வந்து மந்திரிப்பதற்குத் தடை இல்லை. சுவரை ஒட்டி, அவருக்கு நேர் எதிரே வையுங்கள். அதைத் தடுக்க எந்தக் கமிட்டியும் தீர்மானம் போட முடியாது.

அந்தச் சுவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கட்டிய சுவரில் தூக்குக்குண்டு ஒரு நூல் விலகினாலும் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவார், உனக்குத் தெரியும். கூலி கொடுத்தவர்கள் போதும் என்று சொன்னாலும் கேட்க மாட்டார். அந்த மனுஷன் வாழ்நாளில் ஒரே ஒரு இடத்தில் கள்ள வேலை செய்தார். கல்லறைச் சுவரில், வேப்பமரத்துக்கு எதிரே, இப்போது அவர் படுத்திருக்கிற இடத்தை ஒட்டி, ஒரு ஆள் நீளத்துக்கு, கல்லுக்கு நடுவில் சாந்தே வைக்கவில்லை. வெறுமனே அடுக்கி, வெளிமுகத்தில் மட்டும் மேற்பூச்சு இழுத்துவிட்டார். கஞ்சி கொண்டுபோனபோது என்னிடம் காட்டினார்.

"கையால எடுத்தா வந்துடும், சவரி. ஒரு பத்துப் பேரு நெனைச்சா அரை மணி நேரம்" என்றார்.

அன்றைக்கு அந்த வேலையில் சாந்து குழைத்துக் கொடுத்தவன் நீ. அந்த இடம் வந்ததும், இங்க சாந்து வேணாண்டா என்று உன்னிடம்தான் சொன்னார். ஏன் பெரியப்பா என்று நீ கேட்கவில்லை. சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு நீயும் கூட நின்று கல்லை அடுக்கினாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் நீ யாரிடமும் சொல்லவில்லை. கடிதம் எழுதிய கை வேறாக இருக்கலாம். கல் அடுக்கிய கையை எனக்குத் தெரியும்.

ரூத்து இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"அம்மாயி, இத பத்திரிகையில போட்டா அவங்க போயிச் சிமெண்டு வச்சு அடைச்சிடுவாங்க. இந்த எடத்த அடிச்சிடவா?"

"அடிக்காத. அடைக்கணும்னா கொத்தனார் வேணும். அந்த ஊர்ல இப்ப இருக்கிற கொத்தனார் எல்லாம் ஒங்க தாத்தா கிட்ட வேலை கத்தவங்க. அதுல மூத்தவன் ஞானமுத்து. பகல்ல, ரெண்டு தெருவும் பாக்க, அவன் கரணைய எடுத்துக்கிட்டுப் போயி அந்த எடத்துல சாந்து வைக்கட்டும். வச்சான்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வைக்க மாட்டாங்களா?"

"அது அவனுக்குத்தான் தெரியும். நீ மொதல்லேருந்து வாசி. சன்னல்ல இருக்கிற ஒங்க தாத்தா சிப்பிக்கல்ல எடுத்துத் தாள் மேல வச்சுக்க, காத்து அடிக்குது. எட்டுப் பேருன்னு எழுதியிருக்கியான்னு பாரு. ஞானமுத்து பேரு அதுல சேந்துதான் இருக்கணும்."